கறையான் தின்ற எழுத்து

1.

முதலில் ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்கு இரவலாக வந்தது. கல்முனையில் ஒரு பல் டொக்டரின் வாசலில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் சொல்லத் தொடங்கினார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதனால் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கதையைக் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டேன்.

சொன்னவர் ஸுஹைறா. நிந்தவூர். தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். விலாசம் பிழைத்த கடிதங்களையும் உரிய வீட்டில் சேர்ப்பதில் பெயர் எடுத்தவர்.

2.

'1879ஆம் ஆண்டு, கடல் குமுறிய ஒரு மாலையில், நீலக் கண்ணும் செம்பட்டை மயிருமாக ஒரு வெள்ளைக்காரன் கரையில் வந்து—'

(வெட்டிவிட்டேன். ஆள் கடலால் வரவில்லை, மாட்டு வண்டியில் வந்தார். றோட்டு வேலைக்கு ஓவசியராக. கண்ணின் நிறம் எவருக்கும் தெரியாது.)

நேராகவே சொல்கிறேன். ஸுஹைறாவின் குடும்பத்தை ஊரில் 'லேகியத்தார்' என்பார்கள். உம்மாவின் உம்மாவின் உம்மாவுடைய வாப்பா லேகியம் விற்றவராம். அதை நம்பித்தான் ஸுஹைறாவின் காக்கா, அதாவது அண்ணன், முகம்மது தம்பி நாட்டு மருந்துக்கடை போட்டு, 'ஐந்து தலைமுறை லேகியம்' என்று பலகையும் மாட்டியிருந்தார்.

ஓய்வுபெற்ற ஸுஹைறா, குடும்ப வரலாறு எழுத நினைத்து மிஹ்லார் மௌலவியிடம் போனார். மௌலவி வீட்டில் பழைய கடுத்த ஏடு ஒன்று இருந்தது. (கடுத்தம் என்றால் நிக்காஹ் பதிவு. இந்த ஏடு அரபு எழுத்தில் எழுதிய தமிழ்.) மௌலவி விரல் வைத்து வாசித்தார்.

"மாப்பிள்ள, தாவூது எண்ட தானியல் லேஹி. வாப்பா திமோத்தி லேஹி."

"லேகியமா?"

"லேகியமில்ல புள்ள, லேஹி. வெள்ளக்காரன்ட பேர். ஐர்லாந்து எண்டும் எழுதியிரிக்கி."

ஸுஹைறாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அடுத்த சொல்லில் மௌலவியின் விரல் நின்றது. கடைசி எழுத்தைக் கறையான் தின்றிருந்தது.

"மக்றூ... மக்றூஹ் எண்டுதான் இரிக்கணும்" என்றார் மெதுவாக.

மக்றூஹ் என்றால் மார்க்கம் தடுக்காத, ஆனால் விரும்பாத காரியம். அப்படியானால் அந்த நிக்காஹை ஊர் முகம் சுளித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறது.

3.

"தோண்டாத தோண்டாத எண்டு செல்லல்லியா?" என்றார் முகம்மது தம்பி. "இப்ப லேகியமும் போச்சி, மானமும் போச்சி."

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து தங்கச்சி வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. மூன்று மாதம் வரவில்லை. ஸுஹைறா ஒவ்வொரு வெள்ளியும் அவருக்கும் சேர்த்தே சமைத்தார்.

இந்த இடத்தில், 'ஏட்டை மூடி வைத்துவிட்டு ஸுஹைறா அழுதார்' என்று எழுதியிருந்தேன். எழுதிய பிறகு ஒரு சந்தேகம். இவர் அழுகிற ஆளா? தொலைபேசியில் கோல் எடுத்துக் கேட்டேன்.

"அழல்ல! கோவம்தான் வந்திச்சி" என்றார். "யோசிச்சிப் பாருங்க. பேர், வாப்பாட பேர், நாடு. அதுக்குப் பிறகு என்ன வரும்? ஊர்தானே வரும்! அது விலாசம் எழுதுற இடம். அந்த இடத்தில ஆராவது குறை எழுதுவாங்களா?"

என் கண்ணீரை அழித்துவிட்டேன்.

4.

மகளின் லெப்டொப்பில் அயர்லாந்தின் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார் ஸுஹைறா. கோர்க் மாவட்டத்தில் ஒரு பெயரில் நாக்கு நின்றது: மக்ரூம்.

அந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவுகள் இணையத்தில் இருந்தன. இலத்தீன். மை மங்கிய கோழிக்கிறுக்கல். மூன்று கிழமை பக்கம் பக்கமாகத் தேடினார். ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்து திறந்த பக்கத்தில் இருந்தது: தானியேல், தகப்பன் திமோத்தி லேஹி, 1851.

திறந்த லெப்டொப்பை மடியில் வைத்தபடியே ஓட்டோவில் காக்காவின் கடைக்குப் போனார்.

"காக்கா! மக்றூஹ் இல்ல, மக்ரூம்! ஊர்ட பேர்! கறையான் திண்ட எழுத்து அரபு ஹே இல்ல, மீம்!"

முகம்மது தம்பி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். இலத்தீன் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது.

"அப்ப அஞ்சு தலமுற எண்டது சரி" என்றார். "லேகியம்தான் பிழ."

பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"வெள்ளிக்கி என்ன கறி?"

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பிறகும் நடந்ததே, என்ன செய்ய?)

5.

குடும்பம் தேடுகிறவர்களின் இணையப் பக்கம் ஒன்றில் ஸுஹைறா விவரம் போட்டார். ஆறாம் நாள் பதில் வந்தது. பெயர் நோறீன். கோர்க்கில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தானியலின் தங்கை ஹன்னாவின் வழியில் வந்தவர். தானியல் இலங்கையில் காய்ச்சலில் செத்துப்போனார் என்றுதான் அவர்கள் குடும்பத்தில் சொல்லிவந்தார்களாம். வீடியோ கோலில் ஸுஹைறா தன் உடைந்த இங்கிலீசில், "சாகவில்லை, நாங்கள் இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிறோம்" என்றதும், நோறீன் கதிரையிலிருந்து எழுந்து வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

பெப்ரவரி எட்டாந் திகதி நோறீன் வருகிறார்.

நான் இதை எழுதுவது ஜனவரியில். விமான நிலையத்தில் எல்லோரும் கட்டிப்பிடிக்கும் முடிவொன்று எழுதினேன். நடக்காததை எழுத மனம் வராமல் கிழித்தேன். நடந்துகொண்டிருப்பது வேறு சண்டை. போன வெள்ளி, சோற்றுக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, ஒரு கடதாசியில் முறை எண்ணிக்கொண்டிருந்தார் முகம்மது தம்பி.

"தங்கச்சி முறையெண்டா அடக்கமா நிண்டு கதைக்கணும். மச்சி முறையெண்டா இறங்கின உடனே பகிடி பண்ணலாம். தெரியாம எப்பிடி எயாப்போட்டுக்குப் போற?"

"தங்கச்சி முறைதான்" என்றார் ஸுஹைறா.

"இல்ல, மச்சி! திரும்ப எண்ணு!"

எனக்குக் கணக்கு வராது. வாசகரே, நீங்களே எண்ணுங்கள். இந்தப் பக்கம் தானியல், அவர் மகள், மகளின் மகள், அவர் மகளின் பிள்ளைகள் இவர்கள் இருவரும். அந்தப் பக்கம் தங்கை ஹன்னா, அவர் மகன், மகனின் மகன், அவருடைய மகளின் மகள் நோறீன்.

விடை கிடைத்தால் எனக்கு எழுத வேண்டாம். நிந்தவூரில் இறங்கி முகம்மது தம்பியிடம் நேரே சொல்லுங்கள். ஏழாந் திகதிக்கு முன்னால். மனிசன் பகிடி யோசிக்கவும் நேரம் வேண்டாமா?