என் தண்ணீருக்கு வந்த புகார்

என் மைத்துனன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவன். கரைக்கு வந்தால் பாதி விடுமுறை எங்கள் வீட்டு சோபாவில்தான் கழியும். போன தடவை வந்தபோது ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டிலைக் கைக்குழந்தையை ஒப்படைப்பதுபோல என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். காஸ்க் ஸ்ட்ரெங்த். அதாவது பீப்பாயில் என்ன வீரியத்தில் இருந்ததோ அதே வீரியத்தில், தண்ணீர் சேர்க்காமல் அடைத்தது. மற்ற விஸ்கியில் சாராயம் நாற்பது சதவீதத்தைச் சுற்றி நின்றுவிடும். இது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தான் வராமல் திறக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. நானும் அதைத் துணி அலமாரியில் போர்வைக்குப் பின்னால் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன்.

இந்தத் தடவை அவன் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் யாருக்கும் பாட்டில் திறக்கிற மனநிலை இல்லை. என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது மூக்கையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. எந்த வாசனையும் தெரியவில்லை. எனக்கு அப்படி ஆகியிருந்தால் சாப்பாடு ருசிக்கவில்லை என்று நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவள் சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்ப்பவள். அவள் முகர்ந்து சரி என்று சொன்ன பிறகுதான் சோப்பு அச்சுக்கே போகும். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. வாசனைத் தைலத்தில் தோய்த்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டுவார்கள், எது என்னவென்று அவள் சொல்ல வேண்டும். தவறினால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மூக்குக்கு வேலையே கிடையாது.

நடுவில் இரண்டு தடவை வாசனை வந்துவிட்டது என்று துள்ளினாள். ஒரு தடவை எலுமிச்சம்பழம், இன்னொரு தடவை காப்பி. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் இரண்டும் வெறும் காற்று. எலுமிச்சம்பழத்தைக் கண் பார்த்ததால் மனசு மணக்க வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

மைத்துனனுக்கு மூக்கும் ஒரு குழாய்தான். அடைத்தால் அழுத்தம் கொடுத்துத் திறந்துவிட வேண்டியது. இந்தச் சரக்கு உள்ளே இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னான். இதையெல்லாம் தொடாதவள் அன்று தானே டம்ளரை எடுத்து வந்து நீட்டினாள்.

"நாளைக்கு எப்படியும் மானம் போகப் போகுது. ஊத்துடா" என்றாள்.

அவன் சாதாரண டம்ளரில் ஊற்றினான். தன் பங்கை மடக்கென்று கவிழ்த்துக்கொண்டு, இருமலை அடக்க மேஜையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். எரிகிறது, அதைத் தவிர ஒன்றுமில்லை என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இருவரையும் நகரச் சொல்லிவிட்டு நானே களத்தில் இறங்கினேன். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடி டம்ளர்கள் ஷோகேசில் சும்மா தூங்கின. அவற்றை எடுத்து, அடிப்பாகம் நனையும் அளவுக்கு ஊற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். டம்ளருக்குள் மூக்கை நுழைத்தால் சாராய நெடி அறைந்துவிடும். முகவாய்க்குக் கீழே பிடித்து மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும், வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். முதல் மிடறு நாக்கை நனைக்க மட்டும். அதை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. இரண்டாவதை வாயில் வைத்துப் புரட்டி, விழுங்கிவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர்.

"அடப் போங்க மாமா. தண்ணி ஊத்திக் குடிக்கவா இதைக் கடல் தாண்டிக் கொண்டாந்தேன்?"

தண்ணீரைப் பற்றி என்னிடமே பேசுகிறான். நான் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். இவ்வளவு வீரியமான விஸ்கியில் வாசனையெல்லாம் சாராயத்துக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால்தான் மேலே வரும் என்று விளக்கினேன். அப்படியானால் கடையில் நல்ல தண்ணீர் பாட்டில் வாங்கி வரவா என்றான். என் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. குழாயில் வருவது நாங்கள் சுத்தம் செய்து அனுப்புகிற தண்ணீர். இதைவிட நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு சொம்பில் பிடித்து வந்து ஸ்பூனால் சொட்டு விட்டேன்.

எனக்கு ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. மைத்துனன் மனசில்லாமல் முகர்ந்து, உலர்ந்த திராட்சை என்று ஒப்புக்கொண்டான். இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். இன்னும் சில சொட்டு. அதற்கும் ஒன்றுமில்லை. நான் சொன்ன முறையெல்லாம் மறந்து, ஒரு முழு ஸ்பூன் தண்ணீரை அவள் டம்ளரில் கவிழ்த்தேன்.

அவள் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, டம்ளரை மேலே கொண்டுவந்தாள். நெற்றி சுருங்கியது.

"குளோரின்" என்றாள். "தூக்கலா இருக்கு."

என் தண்ணீரில் குளோரின் நாற்றமா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அவளே கண்ணைத் திறந்து, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"இல்ல, விடுங்க. நீங்க தண்ணி ஊத்தறதப் பாத்தேன்ல. இதுவும் அந்த எலுமிச்சம்பழக் கதைதான்."

நான் சொம்பை முகர்ந்தேன். வருஷக்கணக்காக அதிலேயே புழங்குகிற என் மூக்குக்குக் குளோரின் ஒரு வாசனையே இல்லை. டீசலில் ஊறிய மைத்துனன் மூக்கும் கையை விரித்தது. அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குக் கிளம்பினாள். அவளை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. நிலையத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

டியூட்டியில் இருந்த சகாவிடம் இன்று குளோரின் எப்படி என்று கேட்டேன். காலையில் எங்கள் பக்கத்துப் பெரிய குழாயில் உடைப்பாம். ஒட்டுப் போட்டு முடித்ததும், பாதுகாப்புக்காக மதியத்திலிருந்து குளோரினைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். வரம்புக்குள்தான், யாருக்கும் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் சார், யாராவது புகார் பண்ணாங்களா?"

"பண்ணிட்டாங்க" என்றேன். "எங்க வீட்டுக்காரம்மா."

சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மைத்துனன் சொம்பைக் கையில் எடுத்து, அக்காவையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தான். என் தண்ணீர் நாறுகிறது என்று ஒருத்தி சொல்லி நான் சந்தோஷப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, யாரும் பார்க்காதபடி சட்டைக்குள் மறைத்துக்கொண்டு படியேறினேன்.

புது டம்ளர், புதுத் தண்ணீர், சொட்டுச் சொட்டாக. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. ரொம்ப மெல்லிசாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது என்றாள்.

"ஆரஞ்சும் இல்ல, திராட்சையும் இல்ல. வெந்த ஆப்பிள். அதுக்குப் பின்னாடி மெழுகு."

நாங்கள் இருவரும் அவசரமாக முகர்ந்தோம். அவள் சொன்னதுதான் சரி. மைத்துனன் உற்சாகமாகி அவள் டம்ளரில் இன்னும் ஊற்றப் போனான். அவள் கையால் மறைத்துக்கொண்டாள்.

"மூடி வைடா. மூக்குக்கு நாளைக்கு வேலை இருக்கு."