ஜன்னலோர சீட்டில் வையாபுரியின் பணம்

வையாபுரி கிரிப்டோவில் விட்ட பணம் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் வீட்டு வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. நீல நிறப் பஸ். ஊர்ப் பெயர் எழுதிய பலகை கிடையாது, எங்கும் நிற்பதும் கிடையாது. பணம் எப்போதும் ஜன்னலோர சீட்டில்தான்.

விட்ட பணம் இப்படிக் கண்ணில் படுவது கரூரில் புதிதல்ல. வையாபுரியின் முதலாளி நல்லுசாமியின் பணம் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போகும். வையாபுரி பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஷெட்டில் வேலை பார்ப்பவன் என்பதால் அவனுடையது பஸ்ஸில் போயிற்று போலும்.

பணம் போன கதை எல்லோருக்கும் நடந்ததுதான். போனில் ஒரு குழு. காசு போட்டால் காயின் தருவோம், காயின் வளரும் என்றார்கள். வளர்ந்தது. எடுக்கப் போனால் குழுவையே காணோம். சொந்தமாக ஒரு ஷெட் போட என்று அவனும் மனைவி சுகந்தியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அது. அந்தப் பணம் பஸ்ஸில் உட்கார்ந்து நாளுக்கு நாள் பூசினாற்போல் ஆகிக்கொண்டு வந்தது. பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் அது கையை வேறு அசைத்தது.

அந்த வாரம்தான் ரகுவீர் சார் போனில் வந்தார். தொலைந்த காயின் மீட்புப் பிரிவு என்றார். போனில் அவர் படத்துக்குப் பதில் ஒரு வட்ட முத்திரை இருந்தது. வையாபுரி வாயைத் திறப்பதற்குள் அவன் விட்ட தொகையைச் சில்லறை உட்படச் சொன்னார். சுகந்தியைத் தவிர யாருக்கும் தெரியாத கணக்கு. கெட்டிக்கார மனுஷன் என்று வையாபுரி நினைத்துக்கொண்டான்.

“உங்க பணம் பஸ்ல போறத நாங்க பாத்துட்டோம். வண்டிய நிறுத்தணும், அவ்வளவுதான். நூத்துக்கு நூறு உத்தரவாதம். ஒரு சின்ன அட்வான்ஸ் மட்டும்.”

வேறு தொழில்காரனாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். வையாபுரிக்கு நிம்மதியாகிவிட்டது. அவன் ஷெட்டில் அட்வான்ஸ் கைக்கு வராமல் பஸ்ஸின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் ஒரு ரிவிட் ஆணிகூட இறங்காது. அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லி வேலைக்கு இறங்குகிறவன் பாதியில் ஓடிப்போவான் என்பது நல்லுசாமியின் பாடம். நல்லுசாமி அதைத் தெரு முனைக்குக் கேட்கிற குரலில் சொல்வார். அவர் போடும் சத்தத்தில் கோணல் தகரம் தானாக நிமிரும்.

“பணமாத்தான் வேணும்னு இல்லீங்க, இருக்கறதக் குடுங்க” என்றார் ரகுவீர் சார். வையாபுரி தன் மொபெட்டைச் சொன்னான். “கொடுத்தேன்” என்று போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொன்னான். வாசலில் நின்ற மொபெட் அந்த நிமிஷமே காணாமல் போய்விட்டது.

பஸ் நிற்கவில்லை. “வரி பாக்கி இருக்குதுங்க” என்றார் ரகுவீர் சார். வரிக்கு அவர்கள் வீட்டுச் சமையலறையின் பகல் வெளிச்சம் சரியாக இருக்கும் என்றார். அதையும் கொடுத்தான். அதன் பிறகு அங்கே எத்தனை பல்பு போட்டாலும் இருட்டுதான். சுகந்தி தடவித் தடவி வெங்காயம் நறுக்கி விரலை வெட்டிக்கொண்டாள். வெளிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, வந்துவிடும் என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவதாக ரகுவீர் சார் சுகந்தியின் குரலைக் கேட்டார். “இதுதான் கடைசி. இன்னிக்கு வண்டி வர்றதுக்குள்ள சொல்லிருங்க. இல்லீன்னா ரூட்ட மாத்திருவாங்க. அப்பறம் பணத்த நீங்க கண்ணாலகூடப் பாக்க முடியாது.”

அன்று சாயங்காலம் வையாபுரி போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட் அருகே நின்றான். இப்போது விட்டால் மொபெட்டும் போச்சு, வெளிச்சமும் போச்சு. இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான். உள்ளே சுகந்தி பக்கத்து வீட்டுக்காரியோடு சுவர் தாண்டி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அவன் இத்தனை வருஷத்தில் தனியாகக் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனாலும் வாயைத் திறந்தான்.

“யாருகிட்ட மாமா பேசறீங்க?”

விரலில் துணி சுற்றிக்கொண்டு சுகந்தி பின்னால் நின்றாள். போனிலிருந்து ரகுவீர் சார், “எஜமானியம்மா குரல்தானுங்க, சொல்லிருங்க” என்றது அவளுக்கும் கேட்டது.

“என் குரலையா குடுக்கறீங்க?”

வையாபுரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. “ரெண்டு நாளைக்குத்தான் சுகந்தி. பணம் வந்ததும் திரும்பிருமாம்.”

அவள் விரலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “பணம் வந்ததும் அதுலயே கழிச்சுக்கச் சொல்லுங்க.”

அவன் அப்படியே சொன்னான். ரகுவீர் சார் அவசரப்பட்டார். “அதுக்குச் சட்டத்துல எடமில்லீங்க. நேரமாகுது.”

“உங்க ஷெட்லயும்தான் அட்வான்ஸ் வாங்கறீங்க. சேஸிஸ் எங்க நிக்குது?” என்றாள் சுகந்தி.

“ஷெட்லதான்.”

“வண்டிக்காரரு நெனச்ச நேரத்துக்கு வந்து தட்டிப் பாக்கலாமில்ல?”

“பாக்கலாம்.”

“இவரு ஷெட்டு எங்கன்னு கேளுங்க. நாம போய்த் தட்டிப் பாக்கலாம்.”

கேட்டான். “கொடுத்தேன்னு ஒரே வார்த்தைங்க” என்றது போன். “வண்டி முக்குத் திரும்பிருச்சு.”

திரும்பித்தான் இருந்தது. முதல் தடவையாகப் பஸ் வேகம் குறைந்து அவர்கள் வாசலை நோக்கி ஊர்ந்து வந்தது. ஜன்னலோரத்தில் பணம். தினமும் அதையே பார்த்துப் பழகியதால் அவன் பக்கத்து சீட்டைப் பார்த்ததே இல்லை. அங்கே அவனுடைய மொபெட் ஹேண்டில்பாரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. பின் சீட்டில் அவர்கள் சமையலறையின் பகல் வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். படிக்கட்டில் கண்டக்டர் காதில் போனோடு தொங்கிக்கொண்டு வந்தார்.

“சொல்லுங்க, சொல்லுங்க” என்றது போன். “சொல்லுங்க, சொல்லுங்க” என்றது படிக்கட்டு.

வையாபுரியின் நாக்கு அந்த வார்த்தையின் விளிம்பில் நின்றது. பணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தது. சுகந்தி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. போனைக் கட் செய்தான்.

பஸ் வேகமெடுத்துப் போயிற்று. அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலை இருவரும் சைபர் போலீஸுக்குப் போனார்கள். பெண் சப்-இன்ஸ்பெக்டர் பஸ்ஸின் நிறத்தைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ரிவிட் வரிசை எப்படி இருந்தது என்று வையாபுரி தானாகவே சொன்னான்.

“எவ்வளவுங்க கட்டணும்?”

“ஒண்ணும் கட்ட வேண்டாம்.”

“அட்வான்ஸ்?”

“அதெல்லாம் இல்ல. பணம் கிடைச்சிரும்னும் நான் சொல்ல மாட்டேன். போனவுடனே வந்திருந்தீங்கன்னா வழி இருந்திருக்கும். இனிமே யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பேசாதீங்க. போலீஸ்னு சொன்னாலும் நேரா இங்க வாங்க.”

அட்வான்ஸ் வாங்காதவரை எப்படி நம்புவது என்று வையாபுரிக்கு உறுத்தியது. போகும்போது ஸ்டேஷன் சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். கெட்டியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான், தன்னைப் போலவே பணம் விட்ட முதலாளியின் நினைவு வந்தது. ஷெட்டுக்கு ஓடினான். அங்கே ஒரே அமைதி. பஸ் பாடியில் அடித்திருந்த தகரங்கள் எல்லாம் கோணலாகத் தொங்கின. நல்லுசாமி கையில் போனோடு சிரித்த முகமாக நடுவில் நின்றார்.

“உங்களுக்கும் போன் வந்துதுங்களா முதலாளி?”

நல்லுசாமி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி என்று ஒரு விரலைக் காட்டினார்.

சாயங்காலம் வையாபுரியும் சுகந்தியும் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். சுகந்தி ஊர்க்கதை பேசினாள், அவன் ஒன்று விடாமல் கேட்டான். பஸ் முக்குத் திரும்பியது. துண்டு போட்டு வைத்திருந்த சீட்டிலிருந்து தெருவே அதிர ஒரு சத்தம் வந்தது.

“டேய் வையாபுரி! அந்தத் தகரத்த நேராப் புடிடா!”

“உங்க முதலாளி கூப்படறாரு” என்றாள் சுகந்தி.

வையாபுரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். பஸ் தாண்டிப் போகும் வரை இரண்டு கையையும் நீட்டி, இல்லாத தகரத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான்.