மகிபாலரின் சொம்பு

பெருந்தன்மையைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று ஹேமநாத் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் தன் தாத்தாவையே காட்டிவிட்டான். சிட்லபாக்கத்தில் டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த கேம் கம்பெனி அவனுடையது. கட்டடம் தாத்தாவுடையது. ஊரப்பாக்கத்து வயலையெல்லாம் மனை போட்டு விற்ற துளசிங்கத்துக்கு, பேரன் என்ன தொழில் செய்கிறான் என்று இன்றுவரை புரியவில்லை. வாடகை கேட்காததே அவர் செய்த தர்மம்.

கம்பெனி செய்துகொண்டிருந்த விளையாட்டில் மந்திரவாதி, பறக்கும் பாம்பு, வாள் எல்லாம் உண்டு. மகிபாலர் என்று ஒரு பிரபுவும் உண்டு, கதாநாயகனின் தாத்தா. காட்டுக்குத் துரத்தப்பட்ட பேரன் பன்னிரண்டு வருடம் கழித்துக் கோட்டை வாசலில் வந்து நிற்பான். மகிபாலர் படியிறங்கி வந்து, தங்கச் சொம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவார். பேரன் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பான். பின்னால் புல்லாங்குழல் அழும்.

வசனம் எழுத வந்திருந்த சத்யப்ரியா அந்த இடத்திலேயே காட்சியை நிறுத்தினாள்.

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எங்க வீட்டுப் பழைய கல்யாண வீடியோ. வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கெல்லாம் தாத்தா அவர் கையாலேயே தண்ணி ஊத்துவாரு. என்ன ஒரு ஹம்பிள் மனுஷன் பாரு!"

அந்தத் தண்ணீரை அவள் குடித்திருக்கிறாள். அம்மா குப்பம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறி வந்து, சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளின் பின்கேட்டில் நிற்பாள். லீவு நாளில் சத்யாவும் கூடவே நிற்பாள். தாகம் என்றால் சொம்பு வரும். கையில் வராது, தலைக்கு மேலே வரும். பாதி சட்டைக்குள் ஓடும். இந்த வீடா, பக்கத்து வீடா என்று நினைவில்லை. எல்லா வீட்டுச் சொம்பும் ஒரே உயரத்தில்தான் நின்றது. குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கி, குப்பத்தைக் காலிசெய்து குடியேற்றிய பெரும்பாக்கம் அடுக்குமாடியின் எட்டாவது மாடியிலிருந்து தினமும் இறங்கி வருவது இதற்குப் புல்லாங்குழல் வைக்கவா?

"சொந்தப் பேரனுக்கு எந்தத் தாத்தா இப்படி ஊத்துவாரு, ஹேமநாத்?"

"ஐயோ, எமோஷனைப் பாரு சத்யா. அனிமேஷன் மூணு வாரம் ஆச்சு. திங்கட்கிழமை டெமோ. பத்து லைன் எழுது, உன் வேலையும் நிரந்தரம் ஆயிடும்."

"இந்தச் சீனுக்குக் கீழ என் பேரு வராது."

"பேரு வேணாம்னா வேலையும் வேணாம்னுதான் அர்த்தம்."

சத்யா ஒரு வரியும் எழுதவில்லை. மறுநாள் காலை, ஹேமநாத் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தபடி, மகிபாலருக்குக் குரல் கொடுக்கத் துளசிங்கமே வந்தார். வேட்டி மடிப்பு கலையாமல், ஒலிப்பதிவு அறையில் மைக் எதிரே உட்கார்ந்தார். ஹேமநாத் குடித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாய் வைத்தே இரண்டு மடக்கு குடித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார். சத்யா அதைப் பார்த்தாள். பதிவு பட்டனை அழுத்திவிட்டுத் திரையில் காட்சியை ஓடவிட்டாள்.

"ஐயா, இது நீங்க. இவன் உங்க பேரன். இப்படித்தான் ஊத்துவீங்களா?"

கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடா ஹேமு இது? எம்பேரன் ஏன் வாசல்ல நிக்கிறான்? உள்ள வந்து சொம்போட எடுத்துக் குடிப்பான். இது மீன்காரி, கூலியாளுங்களுக்கு ஊத்துறது. சொம்புல வாய் பட்டுச்சுன்னா அப்புறம் வூட்டுக்குள்ள எட்த்துனு போவ முடியுமா?"

ஹேமநாத்தின் முகம் சுண்டிப்போனது. "தாத்தா, மைக் ஓடுது."

"ஓடட்டுமே. பொய்யா சொன்னேன்?"

"அழிச்சிடு சத்யா."

"நான் அழிக்க மாட்டேன்."

அவனே எழுந்து வந்து மவுஸைப் பிடித்தான். "இன்னாத்துக்கு அழிக்கிற?" என்று தாத்தா அதட்டினார். "போடு, நான் கேக்கணும்."

அந்த வீட்டில் அவர் பேச்சை மீறியவர் யாரும் கிடையாது. கட்டடமும் அவருடையது. ஹேமநாத் போட்டான். துளசிங்கம் தன் குரலைத் தலையாட்டி ரசித்தார். "சோக்கா வந்துகீது. இதையே வை. ஒரு எழுத்து மாத்தாத."

"தாத்தா, அது தப்பா—"

"இன்னா தப்பு?"

ஹேமநாத் வாயைத் திறந்தான். என்ன தப்பு என்று சொல்ல வேண்டுமானால், தாத்தாவைப் பற்றி அவன் சொல்ல வேண்டியிருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"அனிமேஷனைத் தொட வேணாம்," என்றாள் சத்யா. "பேரன் தலையை மட்டும் எடுத்துட்டு மீன்காரிப் பொண்ணு தலையை வைக்கச் சொல்லுங்க. அரை நாள் வேலை. அவதான் இனிமே ஹீரோ."

"பொண்ணு புத்திசாலி," என்றார் துளசிங்கம். "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?"

"இந்த மாதிரி வாசல்ல கையேந்தித் தண்ணி குடிச்ச வூட்டுப் பொண்ணு."

கிழவரின் சிரிப்பு பாதியில் நின்றது. சத்யா கீபோர்டை இழுத்து, அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் மகிபாலரின் வசனமாகத் தட்டினாள். அடியில் 'வசனம்: குப்பம்மா மகள் சத்யப்ரியா' என்று போட்டாள்.