திரைச்சீலைக்காரியின் சிறு வேண்டுதல்கள்

கீழ்வானில் செம்மை படர்ந்து, மாடங்களின் முகடுகளை முதலில் தொட்டு, பின்னர் மெல்ல மெல்லத் தெருவின் கற்களில் இறங்கி, அடைத்த கதவுகளின் இடுக்குகளில் நுழைந்து, உறங்குவோரை எழுப்பலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் இளங்காலைப் பொழுதில் அந்நகரின் வணிகத் தெருவை நீங்கள் காண வேண்டும், அன்பரே. பால் வண்டியின் உருளைகள் கல்லில் உரசி ஒலிக்கும். அடுமனையின் புகைபோக்கி முதற்புகையை விடும். மேல்மாடிகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாளரங்கள் திறக்கும். திறந்த சாளரந்தோறும் திரைச்சீலைகள் காற்றில் அசையும். அவ்வாறு அசையும் சீலைகளில் பெரும்பாலானவை ஒரே கூரையின் கீழ், ஒரே பெண்ணின் கையால் தைக்கப்பட்டவை. அவளைப் பற்றியதே இக்கதை.

தெருவின் வளைவில், அகன்ற கண்ணாடி முகப்புடைய கடையொன்றும் அதன் பின்னால் நீண்ட பணியறையொன்றும் இருந்தன. அறையின் நடுவே துணி விரித்து அளக்கும் நெடிய மேசை. சுவரோரம் சுருட்டி நிறுத்திய துணிச்சுருள்கள். வடக்குச் சாளரத்தடியில் ஒரு தாழ்ந்த நாற்காலி. மேசை கணவருடையது, நாற்காலி மனைவியுடையது. அவர் வீடுவீடாகச் சென்று சாளரங்களை அளந்து வந்து, சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பெருங்கத்தரியால் துணியை வெட்டுவார். அவள் வெட்டிய துணியை மடித்து, விளிம்பு தைத்து, மேலோரத்தில் வளையங்களை வைத்துத் தைத்து முடிப்பாள். ஒரே மகளை மணமுடித்துத் தொலைவூருக்கு அனுப்பியபின் அவ்விருவருக்கும் அந்த அறையே வீடும் உலகுமாகிவிட்டது.

கணவர் திருச்சபையில் மூப்பர். வழிபாட்டில் பொதுவேண்டுதல் ஏறெடுக்க அவர் எழுந்து நின்றால், நாடாளும் வேந்தரையும், போர்முனையில் நிற்கும் படைகளையும், மழை காணாத நிலங்களையும், தொலைநாட்டுச் சிறைகளில் வாடுவோரையும் ஒவ்வொருவராகத் தொட்டு, உலகை ஒருமுறை சுற்றி வந்த பின்னரே ஆமென் என்னும் கரையை அடைவார். இளையோர் அவருக்கு ‘நெடுஞ்செபத்தார்’ என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார். அவரை வேடதாரி என்று எண்ணிவிடாதீர்கள். சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் மெய்யாகவே நம்பினார். ஆனால் ஆண்டவர் என்பவர் உயர்ந்த அரியணையில் வீற்றிருக்கும் பேரரசர், அவர் திருமுன் செல்வோர் பெரிய வழக்கோடுதான் செல்லவேண்டும் என்பது அவர் துணிபு. தம் வீட்டுச் செய்தி ஒன்றைக்கூட அவர் அந்த அவைக்குக் கொண்டுசென்றதில்லை.

மனைவியோ, எதிரே முக்காலியில் அமர்ந்து நூற்கண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் உறவினரோடு பேசுவதுபோல ஆண்டவரோடு வாய்விட்டுப் பேசுவாள். நூல் அறுந்தால் முறையிடுவாள். அறாமல் ஓடினால் நன்றி சொல்வாள். ஒவ்வொரு சீலையிலும் முதல் தையலைப் போடுமுன் அது தொங்கப்போகும் வீட்டுக்காக ஒரு சொல் வேண்டுவாள். அதன்பின் தன் வீட்டுக் குறைகளைத் தொடங்குவாள். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தது, அடுக்களைக் கூரை ஒழுகுகிறது, மகளுக்கு நாட்பட்ட இருமல் என்று ஊசி ஓடும் விரைவில் வாயும் ஓடும். வேண்டுதல் என்பதா, வம்பளப்பு என்பதா என்று கேட்போர் குழம்புவர்.

இதனால் அவ்வீட்டில், இருவரும் பேசி வகுக்காமலே, ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஆண்டுகள் ஆக ஆகக் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நேர்ப்பேச்சு குறைந்து போயிற்று. பகைமை ஒன்றுமில்லை, பழக்கத்தின் சோம்பல்தான். அவள் ஆண்டவரிடம் எண்ணெய் இல்லை என்பாள். மேசையருகே நிற்கும் இவர் ஒன்றும் பேசாமல் அன்று மாலை எண்ணெய் வாங்கி வந்து வைப்பார். மறுநாட்காலை அவள் எண்ணெய்க்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வாள். தூக்கி வந்தவன் நான், நன்றி மட்டும் ஆண்டவருக்கா என்று கணவருக்கு உள்ளூரச் சற்றே மனத்தாங்கல் உண்டு. ஆயினும் வீட்டில் நடப்பதையெல்லாம் அவர் அறிந்தது அந்த வேண்டுதல்களின் வழியாகவே.

ஒரு மாரிக்காலத்தில் அவ்வேண்டுதல்களின் போக்கு மாறிற்று. “ஆண்டவரே, விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியுது. பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்கென்னவோ பயமா இருக்கு,” என்றாள் ஒருநாள். கதவு நிலை அடிக்கடி தோளில் இடிப்பதாகவும், கீழே விழுந்த கத்தரி எங்கே போனதென்று தெரியவில்லை என்றும், ஊசிக்காதைக் காட்டித் தரவேண்டும் என்றும் அதன்பின் நாள்தோறும் வேண்டினாள். கணவர் அனைத்தையும் கேட்டார். ஆனால் எண்ணெயைப்போல இதனைக் கடையில் வாங்கி வந்து வைக்க முடியாதே. ஆகவே வழக்கமான புலம்பல் என்று விட்டுவிட்டார்.

அக்காலத்தில்தான் மேட்டுத்தெருவில் புதுமாளிகை கட்டிய சீமாட்டி ஒருத்தி, தன் மாளிகையின் சாளரங்கள் அனைத்துக்கும் சீலை தைக்கத் தருவதற்காகக் கடைக்கு வந்தாள். துணிகளைத் தொட்டுத் தொட்டு அவள் தேர்ந்துகொண்டிருக்கையில், பணியறையிலிருந்து ஊசிக்காதைக் குறித்த மன்றாட்டு தெளிவாகக் கேட்டது. அவள் புருவம் உயர்த்திப் புன்னகைத்து, “உங்க வீட்டுல கடவுளுக்கு வேலை ஜாஸ்தி போலிருக்கே,” என்றாள். மூப்பரும் உடன் சிரித்தார். ஆனால் முகம் எரிந்தது. சீமாட்டி படியிறங்கியதும் அவர் நேரே பணியறைக்குள் சென்றார்.

“இனிமே கடையில வாய்விட்டுச் செபம் பண்ணாத. தோள் இடிக்குது, விளக்கு சரியில்ல, ஊசிக்காது தெரியல... இதுக்கெல்லாமா ஆண்டவரைக் கூப்பிடுவாங்க? அவருக்கு உலகத்தையே பாத்துக்கிற வேலை இருக்கு.”

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். “எனக்கு இருக்கிற உலகம் இதுதாங்க,” என்றாள். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டாள். அன்றுமுதல் அவள் வாயிலிருந்து வேண்டுதல் ஒலி எழவில்லை. உதடுகள் மட்டும் சில வேளைகளில் அசைந்தன.

மூப்பருக்கு அந்த அமைதி இனிமையாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? எண்ணெய் தீர்ந்தால் ‘எண்ணெய் இல்ல’ என்று இப்போது அவரிடமே நேராகச் சொன்னாள். ஆனால் தோளும் விளக்கும் ஊசியும் அற்பமானவை என்று அவரே பட்டியலிட்டு விலக்கிவிட்டமையால், ஆண்டவரிடமே சொல்லத் தகாதவற்றைக் கணவரிடம் சொல்வது எப்படி என்று அவள் அவற்றைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அடுத்து வந்த வழிபாட்டு நாள் ஒன்றில் அவர் எழுந்து நின்று, விழிகளை இறுக மூடி, உலகெங்கும் ஒளியிழந்து இருளில் நடப்போர் அனைவருக்காகவும் உருக்கமாக மன்றாடினார். பலர் கண்ணீர் துடைத்தனர். அவர் பக்கத்தில், முன்வரிசைப் பலகையின் விளிம்பைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியின் ஆமென் மற்றெல்லாருடையதைக் காட்டிலும் உரக்க ஒலித்தது. அவர் விழிகளைத் திறக்கும்போது அவள் அமர்ந்துவிட்டிருந்தாள்.

மாளிகைச் சீலைகளில் கடைசியானது, தரை வரை புரளும் வெண்பட்டுச் சீலை. அதனை முடித்துவிட்டதாகக் கூறி ஒரு பிற்பகலில் அவள் எழுந்தாள். எழுந்தவளோடு சீலை முழுவதும் எழுந்தது. விளிம்பின் நீளத்தோடு தன் ஆடையின் ஓரத்தையும் சேர்த்துத் தைத்திருந்தாள். மூப்பர் வாய்விட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள், அப்படியே வந்து வழிபாட்டு மன்றத்தில் நிற்கலாம், திரைச்சீலை என்று சாளரத்தில் மாட்டிவிடுவார்கள் என்று அவர் கேலிகூடச் செய்தார். பிரித்துக்கொள் என்று கத்தரியைப் பக்கவாட்டில் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கத்தரி அவள் தோளருகே இருக்க, கைகளிரண்டும் தையல் எங்கே தொடங்குகிறதென்று துணியின்மேல் ஊர்ந்து ஊர்ந்து தேடிக்கொண்டிருந்தன. அவர் சிரிப்பு நின்றது. பல ஆண்டுகளுக்குப்பின் அவர் மனைவியின் விழிகளை உற்றுப் பார்த்தார். அவை அவரைப் பார்க்கவில்லை.

கண் மருத்துவர் ஓர் இளம்பெண். இருண்ட அறையில் நெடும்பொழுது ஆய்ந்தபின், கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நைந்துவிட்டது என்றார். சுற்றிலும் உள்ளவை முதலில் மறையும், நடுவில் உள்ளது கடைசியில் மறையும் என்று விளக்கியபின் மூப்பரிடம் திரும்பினார்.

“முன்னாடியே இவங்க எதுவும் சொல்லலையா ஐயா? விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது, பக்கத்துல இருக்கிறது இடிக்குது, இப்படி ஏதாவது?”

இல்லை என்னும் சொல் மூப்பரின் நாவின் நுனிவரை வந்தது. உலகமனைத்தையும் வேண்டுதலில் சுற்றிவந்த அந்த நா, அச்சிறு சொல்லைச் சொல்ல முடியாமல் நின்றது. மருத்துவர் விடைக்குக் காத்திராமல், “அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறதைத் தக்கவைக்கப் பாக்கலாம், சொட்டு மருந்தை மட்டும் தினமும் தவறாம கண்ணுல விடுங்க,” என்றார். மூடிய சீலைகள் இரண்டும் சேராத இடுக்கில் தெரியும் அளவே அவளுக்கு எஞ்சியிருந்தது.

வீடு வரும்வரை அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். பணியறையில் அவளை நாற்காலியில் அமர்த்திவிட்டு, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார். கேட்கும்போதே விடை அவருக்குத் தெரிந்திருந்தது.

“அவர்கிட்டச் சொன்னேன்,” என்றாள் அவள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரை அறுத்தது. “நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க.”

அன்பரே, ஆண்டவர் சிறியவற்றைக் கேளாதவர் என்று அந்த மனிதர் எண்ணியிருந்தார். இப்போது எண்ணிப் பார்த்தார். விளக்கின் வட்டத்தைப் பற்றி அவள் முதன்முதல் வேண்டிய அந்நாளிலேயே ஆண்டவர் கேட்டிருந்தார். கேட்டு, விடையையும் ஆயத்தமாக வைத்திருந்தார். அந்த விடைக்கு இரு காதுகள் இருந்தன. மருத்துவமனைக்கு வழி தெரிந்த இரு கால்கள் இருந்தன. கையில் கத்தரியோடு மேசையருகே நின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கு அசைந்த அவ்விடை கண்ணுக்கு அசையவில்லை. அசையாததோடு வேண்டிய வாயையும் அடைத்தது. இதனை எண்ணிஎண்ணி அவர் அழுதார். அழுதவரின் தலையை அவள் கை தேடிக் கண்டு தடவிக்கொடுத்தது.

அவ்வாரம் வழிபாட்டில் பொதுவேண்டுதலுக்கு அவரை அழைத்தபோது, தொண்டை சரியில்லை என்று சைகை காட்டி அமர்ந்துகொண்டார். வழிபாடு விரைவில் முடிந்ததென்று இளையோர் மகிழ்ந்தனர். மறுநாட்காலை, தெருவின் சாளரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த பொழுதில், வளையங்களை மட்டும் விரலால் தடவித் தைத்துவிடுவேன் என்று அவள் பிடிவாதமாக நாற்காலியில் அமர்ந்தாள். ஊசி கோத்துத் தரும் பணி அவருடையதாயிற்று. பழக்கமில்லாத கை, நூலின் நுனி பிரிந்தது, ஈரப்படுத்தித் திரித்தும் காதுக்கு இப்புறமும் அப்புறமும் சென்றதேயன்றி உள்ளே நுழையவில்லை. வானத்தையும் வையத்தையும் படைத்தவரே என்று தொடங்கும் பழைய பெருஞ்சொற்கள் நெஞ்சில் எழுந்தன. அவற்றை அப்படியே விழுங்கினார்.

“ஆண்டவரே,” என்றார் மெல்ல, “நூல் நுழைய மாட்டேங்குது. கை நடுங்குது.”

அவள் முகம் அத்திசை நோக்கித் திரும்பிற்று. “சத்தமாச் சொல்லுங்க,” என்றாள். “எனக்கும் கேக்கணும்ல.”

அவர் சத்தமாகச் சொன்னார். நூல் நுழைவதற்கு இன்னும் நெடும்பொழுது ஆயிற்று. அதன்பின் அத்தெருவழியே போவோர் அக்கடையிலிருந்து இரு குரல்கள் எண்ணெயைப் பற்றியும் ஊசியைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும், மழையில் ஊறிய கூரையைப் பற்றியும் ஆண்டவரோடு மாறிமாறிப் பேசுவதைக் கேட்டனர்; சிலர் புன்னகைத்தும் போயினர். போன ஒளி திரும்பவில்லை. வடக்குச் சாளரத்தில் காலைதோறும் சீலையை விலக்கிவிட்டு, இன்று வெயில் எப்படியென்று அவர் அவளுக்குச் சொல்வார். முன்பே கேட்டிருக்கலாமே என்னும் ஏக்கமும் சேர்ந்து வரும் அச்சொற்களுக்கு, அவள் ஒவ்வொரு நாளும் ஆமென் சொன்னாள்.