கண்ணாடிப் பட்டு

மலையாண்டி அண்ணனின் கால் புண்ணைவிட, அவருடைய சொந்தக்காரர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி.

2008ஆம் வருடம். எழுமலையில் தோட்டம் வைத்திருந்த அவருக்குச் சர்க்கரை நோய், குதிகாலில் ஆறாத புண். "அடுத்த செக்கப்புக்குள்ள புதுத் தோல் வரலைன்னா காலை எடுத்துர வேண்டியதுதான்" என்று மதுரையில் சர்ஜன் சொல்லிவிட்டார். கடைசி முயற்சியாக, முறைப்படி அனுமதி வாங்கி, எங்கள் ஆய்வகத்துப் படலத்தை ஒட்டினோம். பட்டுநூலின் புரதத்தைக் கரைத்து, நானோ வெள்ளித் துகள்கள் கலந்து உலர்த்திய படலம். வெள்ளி கிருமியைக் கொல்லும், பட்டைப் பற்றிக்கொண்டு தோல் படரும். நெசவுக்காரச் சௌராஷ்டிர வீட்டில் பிறந்த சுந்தரவல்லி நான், வேறு எதை நம்புவேன்?

ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது. ஆனால் நான் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும்போதெல்லாம் படலம் கிழிந்து, முளைத்த தோலும் பிய்ந்து கிடந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாருக்கா பிரிச்சது?"

"இவருதான்" என்றார் அவர் மனைவி சின்னத்தாய். "ஆப்பிள் வாங்கிக்கிட்டு அம்புட்டுத் தூரத்துலருந்து சனம் வருது. புண்ணக் காட்டாம அனுப்புனா கோவிச்சுக்கிற மாட்டாகளா?"

கத்தித் தீர்த்தேன். மறுநாளே உசிலம்பட்டியிலிருந்து யாரோ வந்தார்கள், படலம் மறுபடி பிரிந்தது. சரி, இவர்களைத் திருத்த முடியாது, பட்டைத்தான் திருத்த வேண்டும் என்று புரிந்தது. அதுவரை அவசரமாக உலர்த்தியதால் படலம் பால்போல் வெளுத்திருந்தது. மூடி வைத்து நிதானமாக உலர்த்தினேன். லேசான மஞ்சள் நிறத்தில், கண்ணாடியாக வந்தது!

ஒட்டிவிட்டுச் சொன்னேன்: "ஊரே வந்து பாக்கட்டும்ணே. பிரிக்க மட்டும் வேணாம்."

அதற்குப் பிறகு அண்ணன் காலை நீட்டிக்கொண்டு கம்பீரமாகப் படுத்திருந்தார். "கைய எடு மாப்ள! கண்ணால பாரு!" என்று அவர் போடும் சத்தம் வராண்டா வரை கேட்கும். ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் உள்ளே நகர்வதை எழுமலையே கூடி நின்று பார்த்தது. செக்கப்பன்று சர்ஜன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "கால் தப்பிச்சிருச்சு" என்றார். நான் வெட்கமில்லாமல் கைதட்டினேன், வார்டு முழுக்கத் தட்டியது.

சில மாதம் கழித்து ஆய்வகத்து மாடிப்படிகளைத் தானே ஏறி வந்தார் அண்ணன். முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது. பதறிவிட்டேன்.

"என்னண்ணே, வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல தாயி. இன்னமும் சனம் வந்து, புண்ணக் காட்டுங்குது. செருப்பக் கழட்டிப் பாக்குறேன், எந்தக் காலுன்னு எனக்கே தெரியல."