துண்டுக்கடியில் தூக்கம்

எங்கள் ஊரில் பிள்ளைத் தூக்கத்தை மண்டியில்தான் வாங்க வேண்டும். மத்தியானம் மணியடித்தால் மண்டி மூடிவிடும். பிள்ளையைத் தூங்கவைக்க அதற்குள் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்காதவர் வீட்டில் தூக்கமே நின்றுவிடும்.

பிள்ளை பிறந்ததிலிருந்து என் மனைவி கனிச்செல்வி தூங்கவில்லை. அதனால் முழங்கால் வரை மர அலமாரியாகிவிட்டாள். பக்கத்து வீட்டார் அதில் செருப்பு வைக்க ஆரம்பித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இடம் காலியாக இருந்தது. "இடுப்பைத் தாண்டினால் திரும்பாது" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவரும் செருப்பை உள்ளே வைத்தார்.

கனிச்செல்வியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பிள்ளையை அவள் மடியில் கொடுத்து, மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மண்டி முழுக்கப் படித்த பெற்றோர்கள். விலையைக் கேட்பதற்கு முன்பே தலையாட்டுகிற ஜாதி. நாட்டில் பாதிக் கடைகள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. சோற்றைக்கூட முதல் விலைக்குச் சாப்பிட்டதில்லை.

தரகர் அருஞ்சுனை தோளில் துண்டோடு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

முதல் கடையில் அழவிடும் முறை. பிள்ளை அழும், அழுது ஓய்ந்து தானே தூங்கும். கடைக்காரர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

"பிள்ளை ரொம்ப அழுமே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே அண்ணாச்சி."

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"இருக்குன்னுதான் சொல்லுறாங்க."

மூட்டையில் குத்தூசியைச் செருகி உள்ளங்கையளவு தூக்கத்தை எடுத்துக் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன்.

"இதுல ஆபீஸ் தூக்கம் கலந்திருக்கு."

"கொஞ்சம்போல அண்ணாச்சி. எடைக்கு."

அந்த நேரம் மட்டும் காது கேட்டது.

அடுத்த கடையில் நாற்காலி முறை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். தினமும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட வேண்டும். பிள்ளை கவனிக்காது. இதைச் சொல்லும்போதே கடைக்காரருடைய நாற்காலி பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடை நீண்டுகொண்டே போனது. அவர் பட்டாணியளவு ஆனதும் விலை என்னவென்று கத்தினேன். பதில் ஒரு சைக்கிள்காரர் வழியாக வந்தது.

"பேசிக்கலாம்னாரு."

சரக்கில் நம்பிக்கை உள்ளவன் இவ்வளவு தூரம் போக மாட்டான்.

"என்னங்க, ஏதாவது ஒண்ண முடிங்க" என்றாள் கனிச்செல்வி. "தொடை மரமாயிருச்சு."

"அவசரத்தக் காட்டாத. விலைய ஏத்திருவான்."

"நான் மரமாயிக்கிட்டு இருக்கேன்."

"அதத்தான் காட்டாதங்கேன்."

அருஞ்சுனை தோள்துண்டை எடுத்து உதறினார். "வாயால பேசுனா விலை நிக்காது அண்ணாச்சி. நம்ம வழக்கப்படி போயிருவோம்."

எங்கள் மண்டியில் விலையை யாரும் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கையை நீட்டி, விரலை அழுத்தித் தெரிவிப்பார்கள். விரலைப் பிடித்தால் சம்மதம். விட்டால் வியாபாரம் முறிந்தது. அவர் துண்டைக் கனிச்செல்வியின் மடிமேல் விரித்து உள்ளே கையை நீட்டினார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். மடித்து முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது.

"முடிஞ்சிருச்சு."

"யாரு முடிச்சா?"

"பாப்பா."

துண்டைத் தூக்கிப் பார்த்தேன். பிள்ளை அவர் விரலை இறுகப் பிடித்திருந்தது.

"அது எதக் குடுத்தாலும் பிடிக்கும்யா."

"பிடிச்சவுக எல்லாரும் அப்படித்தான் சொல்லுறாக."

"என்ன விலை?"

"மாத்து வியாபாரம். அண்ணாச்சி தூக்கம் முழுசும் பாப்பாவுக்கு. பதிலுக்கு மதினி தூங்கலாம்."

"முழுசுமா?"

"முழுசும். தூக்கிக்கிட்டு நடக்க ஒரு ஆள் வேணும்ல."

கனிச்செல்வி என்னைப் பார்த்தாள். மரம் இடுப்புக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. "சரின்னு சொல்லுங்க" என்றாள்.

சரிதான் என்று எனக்கும் பட்டது. நியாயமான விலை. ஆனால் முதல் விலை.

தரகரை விலக்கி என் விரலைத் துண்டுக்கடியில் கொடுத்தேன். பிள்ளை பிடித்தது. பாதித் தூக்கம் என்று அழுத்தினேன். பிள்ளை அசையவில்லை. கொட்டாவிகூட விடவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ரத்தம் அப்படி. வெள்ளிக்கிழமை நீங்கலாக என்று அழுத்தினேன். தலையணை மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்று அழுத்தினேன்.

மணியடித்தது. கடைகள் சாத்தும் சத்தம் வரிசையாக வந்தது.

"அண்ணாச்சி" என்றார் அருஞ்சுனை, தள்ளுவண்டியைக் காட்டி.

"இருய்யா. விலை இறங்கி வருது."

மரம் கனிச்செல்வியின் தோளுக்கு வந்திருந்தது. துண்டையும் பிள்ளையையும் எடுத்து என் கையில் வைத்தாள். அலமாரிக் கதவுகள் இரண்டையும் இழுத்துச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் விழுந்தது.

முக்கால் என்று அழுத்தினேன்.

பிள்ளை விரலை விட்டுவிட்டது.