விட்டு விட்டு மூன்று தட்டு

குப்பையை அழுத்தும் மெஷினைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் வாழ்நாளில் ஒரு பை குப்பையைக்கூடத் தூக்கியிருக்க மாட்டான். பதினைந்து கிலோ குப்பையைப் போட்டால் மேலிருந்து ஓர் இரும்புத் தட்டு இறங்கி, நசுக்கி, அதே பதினைந்து கிலோவை ஒரு கல்லாக்கிக் கொடுக்கும். தெருவரைக்கும் தூக்கிப் போகிறவனின் இடுப்பு கழன்றுவிடும். எழுபதுகளில் எங்கள் ஃபோர்ட் வேய்ன் ஊரில் புதிதாகச் சமையலறை கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனதும் எல்லா மெஷினும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. அந்தக் கத்தலில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது என்பதால் ரொம்பத் திட்டவும் முடியாது.

மிஸஸ் கெஸ்லர் கூப்பிட்டது எண்பத்தாறு அக்டோபர் கடைசியில். "வெர்லின், குப்பை மெஷின் சத்தம் போடுது, வந்து பாரு" என்றார். அவ்வளவுதான். அவருடைய கணவர் டெல்மர் செப்டம்பரில் இறந்துபோனது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக் குளிர்பெட்டியையும் துணி துவைக்கும் மெஷினையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும்போது டெல்மர் பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பார்க்கிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் அடிப்பார். நல்ல மனுஷன்.

மதியம் இரண்டு மணிக்குப் போனேன். சமையலறை மேடை முழுக்கக் காலிக் கண்ணாடித் தட்டுகள். சாவுக்குச் சர்ச்சிலிருந்து ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவை. அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருந்தது. ஆறு வாரமாகியும் அவர் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"காபி போடட்டுமா?"

"முதல்ல இதைப் பார்த்துடறேன், மிஸஸ் கெஸ்லர்."

எந்த மெஷினையும் ஓட்டுவதற்கு முன்னால் டிராயரை இழுத்து உள்ளே பார்க்க வேண்டும். அது என் பழக்கம். இழுத்தேன். பை கிட்டத்தட்ட வாய்வரை நிறைந்திருந்தது. அதன் மேல் ஒரு பால் அட்டைப்பெட்டி நிமிர்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் முட்டை அட்டை. புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"இதை யாரும் எடுத்து வெளிய போடலையா?"

"அது டெல்மரோட வேலை. அன்னியிலேருந்து நான் தொடலை. என் குப்பையைப் பின்வாசல்ல ஒரு பைல போட்டுக்கறேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு டிராயரை மூடி, சாவியைத் திருப்பினேன். மோட்டார் ஓடியது. தட்டு இறங்கியது, அட்டைகள் நொறுங்கின. கூடவே இரண்டு சத்தம். ஒன்று, நீளமான முனகல்: தட்டை இறக்கும் இரண்டு திருகுக் கம்பிகளிலும் கிரீஸ் காய்ந்துபோயிருந்தது. இன்னொன்று, அடியில் படபடவென்று இடைவிடாத அடி: செயின் தளர்ந்திருந்தது. இந்த மாதிரி மெஷினில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டும்தான்.

"செயினை இறுக்கி, கிரீஸ் போட்டா சரியாயிடும். அரை மணி வேலை."

மிஸஸ் கெஸ்லர் இதற்குள் முன்னறைக்குப் போய்த் தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இது அந்தச் சத்தம் இல்ல. இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினேன். இல்லை என்றார். டிராயரின் ஒரு ஓரத்தில் கட்டையை வைத்து, தட்டு சாயும்படி ஓட்டினேன். இல்லை. ஒரு காலி பாட்டிலை உடைத்துக் காட்டினேன். இல்லை. நாலு தடவையானதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வாடிக்கையாளருக்கு வேலைதான் வேண்டும், சங்கீதக் கச்சேரி எதற்கு?

"எந்தச் சத்தமா இருந்தா என்ன? எல்லாத்தையும் நிறுத்தித் தர்றேன், போதாதா?"

"நிறுத்தறது அப்புறம். முதல்ல நீ அந்தச் சத்தத்தை வரவழைக்கணும். எனக்குக் கேக்கணும்."

நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முன்னறை வாசலில் போய் நின்றேன். அவர் மடியில் இரண்டு கைகளையும் கோத்து வைத்திருந்தார். சிவந்து கிடந்த விரல்கள்.

"அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டு முடிச்சோம். 'பால் தீந்துடுச்சு, போட்டுட்டு மெஷினை ஓட்டிடறேன்'னு சொன்னார். நான் இங்க வந்து உக்காந்து டிவியைப் போட்டேன். கொஞ்ச நேரத்துல சத்தம் வந்துது. டொக். அப்புறம் கொஞ்சம் விட்டு, டொக். இன்னும் கொஞ்சம் விட்டு, ஒண்ணு. கடைசியா எதையோ இழுக்கற மாதிரி." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அந்த மெஷினுக்கு கிரீஸ் போடுங்கன்னு வசந்தகாலத்துலேருந்து சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கோபம். 'அந்த எழவை நிறுத்துங்க டெல்மர்'னு கத்தினேன். டிவி சத்தத்தையும் கூட்டினேன். நாடகம் முடிஞ்சுதான் உள்ள போனேன். நாற்பது நிமிஷம்."

என் கை அழுக்கைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"விழும்போதே உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார். மெஷின் சத்தம்னா அவர் சொல்றது சரி. மெஷின் இல்லைன்னா..." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்குத்தான் இது தெரியும். அது மெஷின்தானா, வெர்லின்?"

நிமிர்ந்து நின்ற பால் பெட்டி கண்ணுக்குள் வந்துவிட்டது. டெல்மர் அதைப் போட்டிருக்கிறார். ஆனால் மெஷினை ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் அது அப்பளமாகியிருக்கும். பை பாதிக்குக் கீழே இருந்தால் தட்டு அதுவரை எட்டாது என்று தப்பிக்கலாம். பை வாய்வரை இருந்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு அந்த மெஷின் மூச்சே விடவில்லை. அதற்கு இருந்த ஒரே சாட்சியை, என்ன ஏது என்று கேட்காமல், அரை மணி முன்னால் நானே நசுக்கிவிட்டேன். இப்போது அது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

"மெஷின்தான்" என்றேன். வாயிலிருந்து சுலபமாக வந்துவிட்டது.

"நீ ஓட்டினப்ப வரலையே?"

"ஓடும்போது வராது. ஓடி நின்ன பிறகு வரும். இறுகின செயின் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்து, அடித்தகட்டுல இடிக்கும். விட்டு விட்டு இடிக்கும்."

"அப்படின்னா வரவழை. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பொய்யை நிறுத்துவதற்கு அதுவே நல்ல இடம். நான் நிறுத்தவில்லை. சமையலறைக்குள் போனேன். நடுவில் ஒரு பாதிச் சுவர்தான், ஆனால் நாற்காலியிலிருந்து தரை தெரியாது. மெஷினை ஒரு முறை ஓட்டி நிறுத்தினேன். மண்டியிட்டு, அதன் முன்தகட்டில் கைமுட்டியால் தட்டினேன். டொக். விட்டு, டொக். விட்டு, இன்னொன்று.

முன்னறையிலிருந்து, "கிட்டத்தட்ட அதான். ஆனா இன்னும் கீழேருந்து வந்துது" என்றார்.

கீழே என்றால் எனக்குப் புரிந்தது. மெஷினை மறுபடி ஓட்டி நிறுத்திவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். தோள் மெஷின் மேல் முட்டியது. கன்னத்தில் தரையின் குளிர் ஏறியது. அந்த இடத்தில் அப்படி ஒருவிதமாகத்தான் படுக்க முடியும். டெல்மரும் அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும். கையைத் தூக்கினால் தகட்டின் அடிவிளிம்புதான் எட்டியது. தட்டினேன். டொக். என்னை அறியாமலே நான் மூச்சுக்குக் காத்திருந்தேன். டொக். மூன்றாவதற்குக் கை கனத்தது. தட்டிவிட்டு, பூட்ஸைத் தரையில் இழுத்தேன்.

"அதேதான்!" மிஸஸ் கெஸ்லர் கத்தினார். "அதேதான் வெர்லின்! அதே சத்தம்! கடவுளே, மெஷின்தான்!"

தரையில் படுத்தபடி அதைக் கேட்டேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பாதிச் சுவர் எதையும் தடுக்கவில்லை. அவர் அழ ஆரம்பித்ததும் கேட்டது, நாற்காலியின் ஸ்பிரிங் முனகியதும் கேட்டது. அப்படியென்றால் டெல்மருக்கும் கேட்டிருக்கும், அவர் கடைசியாகக் கேட்டது எந்தக் கத்தல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியக்கூடாது என்று நினைத்தேன். மிஸஸ் கெஸ்லர் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று முயன்றேன். எப்படியோ மண்டி போட்டேன்.

அவர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் நனைந்திருந்தது, ஆனால் அதில் ஆறு வாரப் பாரம் இறங்கியிருந்தது.

"டாக்டர் சொன்னார், பாஸ்டர் சொன்னார். அவங்க ஆறுதலுக்குன்னு சொல்றவங்க, அது அவங்க வேலை. நீ மெஷின்காரன். உனக்கு எங்கிட்ட பொய் சொல்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

மெஷினைத் தொட்டிப் பக்கத்திலிருந்து உருவி, கவிழ்த்து, செயினை ஒரு விரல்கூட நுழையாதபடி இறுக்கினேன். திருகுக் கம்பிகளைத் துடைத்துப் புது கிரீஸ் பூசினேன். ஓட்டிக் காட்டியபோது கேட்டதெல்லாம் மோட்டாரின் ரீங்காரம் மட்டும்தான். குப்பைப் பையைத் தெருவில் கொண்டுபோய் வைத்தேன், யாரும் கேட்காமலேயே. மிஸஸ் கெஸ்லர் கண்ணாடித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எடுத்துப் போகப் போவதாகச் சொன்னார். போகும்போது எனக்குப் பூசணிக்காய்ப் பலகாரத்தில் பாதியைக் கட்டிக் கொடுத்தார். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று வண்டியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் அதை நம்பவும் செய்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் கடையில் போன் அடித்தது.

"வெர்லின், அந்தச் சத்தம் மறுபடி வந்துது."

"எப்ப ஓட்டினீங்க?"

"நான் எங்க ஓட்டினேன்? நீ போனதுலேருந்து அதுல ஒரு காகிதம்கூடப் போடலை. சாவி என் அங்கிப் பையிலதான் இருக்கு." குரலில் பயம் எதுவுமில்லை. பழுது பார்த்த சாமான் மறுபடி மக்கர் செய்தால் எல்லோரும் பேசுகிற அதே குரல். "டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன். மூணு தடவை. விட்டு விட்டு, நீ காட்டினியே அதே மாதிரி. கடைசியா அந்த இழுப்பு."

அந்தச் செயின் தளராது. அதை இறுக்கியது என் கை.

"கேக்கறியா?"

"கேக்கறேன், மிஸஸ் கெஸ்லர்."

"முதல்ல தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துது, மெஷின் சும்மா இருக்கும்போதுதான் வரும்னு. அதனால நான் எழுந்துக்கலை. உக்காந்தே இருந்தேன். முந்தா நாளும் வந்துது, அப்பவும் எழுந்துக்கலை. சும்மாத் தெரிஞ்சுக்கலாம்னுதான் போன் பண்ணினேன். இனிமே வந்தாலும் உள்ள போய்ப் பார்க்க வேண்டாம்தானே?"

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்திருக்கும். முதல் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது, இரண்டாவது வரவில்லை. அந்தத் தரையின் குளிர் மறுபடி கன்னத்தில் ஏறியது. அங்கே கிடந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"போய்ப் பாருங்க" என்றேன். "எப்பக் கேட்டாலும் எழுந்து போய்ப் பாருங்க, மிஸஸ் கெஸ்லர்."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கும் நான் எழுந்து போயிருக்கணுமா, வெர்லின்?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவரும் போனை வைக்கவில்லை.